சேக்காளி: இளம் வாசகியர் ஏன் தோழமைக் கதைகளைத் தேடுகிறார்கள்?



அக்காவின் நினைவாகக் கூடியிருக்கிறோம். மேடையும் மாலையும் அவருக்குப் பிடிக்காது. கையில் புத்தகம் இல்லாமல் வருகிறவர்களையும் பிடிக்காது. ஆகவே அவர் நம்மிடம் விட்டுச் சென்ற ஒரு கேள்வியையே இன்றைய உரையாக எடுத்துக்கொண்டோம்.

பாலவனத்தம் காலனியில் நாம் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். காதல் கதைகளைப் படித்துவிட்டு ஒழுங்காகத் திருப்பித் தந்துவிடுவார்கள். பெண்கள் சேக்காளிகளாக இருக்கும் கதை மட்டும் திரும்பி வராது. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஏன் என்று அக்கா கேட்டார். "அந்த வயசு அப்படித்தான்" என்றோம். "வயசுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாருங்க" என்றார்.

பார்த்தோம். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரை, சாதியின் உயிர்நாடி அகமணமே என்று நிறுவியது. அதைக் காப்பதற்கான ஏற்பாடுகளாக அவர் காட்டியவை மூன்று: உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, சிறுமியர் மணம். மூன்றும் பெண்ணின் மேல் விழுபவை; மூன்றாவது நேராகவே சிறுமியின் மேல் விழுகிறது. இன்றும் ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்த நாளிலிருந்து ஊரின் கண் முழுவதும் அவள்மேல்தான். யாரோடு பேசினாள், எந்தத் தெரு வழியாக வந்தாள், போனில் யார்? சொந்தம் பிறப்பிலேயே வந்தது. சாதியும் அப்படித்தான். நாளை மாப்பிள்ளையையும் பெரியவர்களே பார்ப்பார்கள். அவளாகத் தேர்ந்தெடுத்த ஒரே உறவு, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த சேக்காளி. வீட்டில் யாரும் பொருட்படுத்தாத அந்த உறவை ஒரு நாவல் இருநூறு பக்கத்துக்குப் பொருட்படுத்தும்போது, பிள்ளை அந்தப் புத்தகத்தை எப்படிக் கீழே வைப்பாள்?

இது முதல் காரணம். இரண்டாவது, பிரிவு.

இத்தாலிய எழுத்தாளர் எலேனா ஃபெராந்தே 2011-ல் வெளியிட்ட நாவல் ஒன்றில், நேப்பிள்ஸ் நகரத்து ஏழைத் தெருவைச் சேர்ந்த இரண்டு சிறுமிகள் வருகிறார்கள். கையில் கிடைத்த காசில் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு புத்தகம் வாங்கிச் சேர்ந்தே படிக்கிறார்கள். ஒருத்தி மேலே படிக்கப் போகிறாள். அவளைவிடச் சூட்டிகையான இன்னொருத்தியை, செருப்புத் தைக்கும் அப்பா மேலே படிக்க அனுப்ப மறுக்கிறார். பதினாறு வயதில் அவளுக்குக் கல்யாணம். இந்தக் கதையை வட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னோம். சொல்லி முடித்ததும் ஒரு பிள்ளை, "எங்க வகுப்புலயும் ஒருத்தி இருந்தா, இப்ப மில்லு வேன்ல போறா" என்றாள். பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரிக் காட்டில் மழை பொய்த்த வருசம் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கண்மாய் காயும், கரிமூட்டம் புகையும், வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கும். பெரும்பாலும் பெண்பிள்ளையின் படிப்பு. படிப்பைத் தொடர்கிறவளுக்கு ஒரு குற்ற உணர்ச்சி, நின்றுபோனவளுக்கு ஒரு பொறாமை. இரண்டையும் வெளியே சொல்ல நம் வீடுகளில் வார்த்தை கிடையாது. 'நல்ல பிள்ளை' பொறாமைப்படக் கூடாது அல்லவா? நாவல் அந்த வார்த்தையைத் தருகிறது. அன்பும் பொறாமையும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்று சொல்லித் தருகிறது.

மூன்றாவது காரணம் நம் மாவட்டத்து எழுத்தாளரிடமிருந்தே வருகிறது. வத்திராயிருப்பு பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1992-ல் 'கருக்கு', 1994-ல் 'சங்கதி' எழுதினார். 'சங்கதி'யில் மாரியம்மா விறகு பொறுக்கப் போன இடத்தில், தண்ணீர் குடிக்க பம்புசெட்டுக்குப் போகிறாள். நிலக்காரர் அவளைப் பிடித்து இழுக்கிறார். தப்பி ஓடிவந்து சேக்காளிகளிடம் சொல்கிறாள். "வெளியே சொன்னால் பழி உன்மேல்தான் வரும்" என்கிறார்கள் அவர்கள். நிலக்காரர் முந்திக்கொண்டு அவள்மேலேயே புகார் சொல்கிறார். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உண்மையைச் சொல்ல வாய் திறக்கிறார்கள், ஆண்கள் அடக்குகிறார்கள். அபராதம் மாரியம்மாவுக்கே கூடுதல்.

இந்தப் பகுதியைத்தான் நம் பிள்ளைகள் திரும்பவும் படிக்கச் சொன்னார்கள். "அக்கா, அவுக அன்னைக்கே சொல்லியிருக்கணுமா, பேசாம இருந்தது தப்பா?" என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. பயந்து சொன்ன புத்திமதி அது என்றாள் ஒருத்தி. பயம்தான் நிலக்காரருக்குத் துணை போனது என்றாள் இன்னொருத்தி. இது கதையைப் பற்றிய விவாதம் மட்டும்தானா? நாளைக்குத் தன் சேக்காளிக்கு ஒன்று நடந்தால் தான் என்ன செய்வாள் என்பதை ஒவ்வொருத்தியும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். சாட்சி சொல்ல வேறு யாரும் வராத இடத்தில் சேக்காளிதான் சாட்சி. இந்த நாவல்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இனி, கொஞ்சம் பழைய கணக்கு. 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இதே பாலவனத்தத்தின் ஜமீன்தார். பழந்தமிழ் நூல்களைக் காத்ததில் அச்சங்கத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அந்த நூல்களில் தோழி இருக்கிறாள். அகப்பாட்டில் அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். தலைவிக்காகத் தூது போகிறாள், காவல் நிற்கிறாள். தோழி என்பவள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அதாவது, அந்த வீட்டில் பிள்ளை வளர்க்க வந்தவளின் மகள். அவளுக்கு யார்மேல் ஆசை? அவளுக்கு யார் தூது போனார்கள்? பாட்டில் பதில் இல்லை. இரண்டாயிரம் ஆண்டு அடுத்தவள் கதைக்குத் துணை நின்ற அந்தத் தோழியைக் கதையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது பாமா போன்றவர்களின் எழுத்து. அருகில் இன்னொரு சமூகத்திலிருந்து சல்மா, 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில், வீட்டுக்குத் தெரியாமல் தோழியரோடு சினிமாவுக்குப் போகும் ராபியாவை எழுதினார். நம் பிள்ளைகள் அவளையும் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது, தோழர்களே. காலனிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் சேக்காளிகளாக இருப்பது பள்ளிக்கூட வாசல் வரைதான். நோட்டு மாறும், பொட்டு மாறும், சோற்றுக்கை நீளாது. வீட்டுக்கு வரச் சொன்னவள், வந்தவளைத் திண்ணையோடு நிறுத்துவாள். அந்த நாளை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்தவர்களே நம் பிள்ளையின் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, சாதிக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. வேண்டியதுதான். ஆனால் கயிற்றை அறுத்தால் மட்டும் கை கோர்க்காது. திண்ணையில் நிறுத்தப்பட்டவளின் கதையும், நிறுத்தியவளின் கதையும் ஒரே நாவலில் எழுதப்பட வேண்டும். அதை எழுதப்போகிறவர்கள் இந்த அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்.

அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. காலனி நூலகத்தைச் சாயங்காலம் திறந்து வையுங்கள். வீட்டில் "அங்க என்ன வெட்டிப் பேச்சு" என்று கேட்காதீர்கள். நின்றுபோன பிள்ளையை வாசிப்பு வட்டத்துக்குக் கூப்பிடுங்கள்; மில் வேனிலிருந்து இறங்கி வரும் நேரத்துக்கு வட்டத்தின் நேரத்தை மாற்றுங்கள். நாங்கள் மாற்றிவிட்டோம். இப்போது இரவு எட்டு மணிக்குக் கூடுகிறோம்.

அக்காவின் 'சங்கதி' பிரதி இன்னும் திரும்பி வரவில்லை. வர வேண்டாம்.

ஜெய்பீம்.