மரக்காலும் மதிப்பெண்ணும்



காவிரிக் கரையில் வாழும் நமக்கு அளவையின் அருமையை ஒருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பார்த்தால், நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தார்கள் என்றும், அம்மரக்கால் இராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்றும் பொறித்திருக்கக் காணலாம். இத்தனை கலம் என்று சொல்லி நின்றுவிடவில்லை. எந்த மரக்கால் என்பதையும், அது எதற்கு ஒப்பு என்பதையும் சேர்த்தே கல்லில் வெட்டினார்கள்.

தேர்வில் நீங்கள் பெறும் மதிப்பெண்ணும் ஓர் அளவையே. திருவரங்கத்துச் சித்திரை வீதியில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் மாநில வாரியத்துப் பள்ளியில் படிக்கிறான். மற்றவன் மத்திய வாரியத்துப் பள்ளியில் படிக்கிறான். இருவரும் கேட்பது ஒரே கல்லூரியின் ஒரே இடம். அரை மதிப்பெண் அந்த இடத்தைத் தீர்மானிக்கும். எந்த மரக்காலால் அளந்த அரை மதிப்பெண் என்று கேட்க வேண்டாமா?

இக்கேள்வி புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் பிறந்தபோதே மெட்ரிகுலேஷன் தேர்வும் பிறந்தது. பின்னர்ப் பள்ளியிறுதித் தேர்வாகிய எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. ஆங்கிலோ-இந்தியப் பள்ளிகளுக்கும், ஓரியண்டல் பள்ளிகளுக்கும் தனித்தனித் தேர்வு நடந்தது. ஆக, ஒரே மாநிலத்தில் பத்தாம் வகுப்பிற்கு நான்கு மரக்கால்கள் வழங்கின. எஸ்.எஸ்.எல்.சி. மாணவன் 500-க்கு எழுதினான். மெட்ரிகுலேஷன் மாணவன் 1100-க்கு எழுதினான். முன்னவன் 400 பெற்றாலும், பின்னவன் 880 பெற்றாலும், கணக்கில் இருவரும் நூற்றுக்கு எண்பதே. ஆயினும் பாடமும் வினாவும் வேறானபின், இரண்டு எண்பதும் ஒன்றே என்று யார் உறுதி கூற இயலும்?

இதனை ஆராய்ந்தறிய 2006-இல் அமைந்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர், நம் திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் முனைவர் ச. முத்துக்குமரன். அதன் பயனாக 2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் புதிய பாடம் தொடங்கியது. பிற வகுப்புகளைப் பற்றி வழக்கு எழுந்தது. 2011 ஆகஸ்டு 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அது முடிந்தது. 2012-இல் நான்கு வகைப் பள்ளி மாணவரும் ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினர்.

நான்கு மரக்கால்களும் ஓர் அரசின் கையில் இருந்தமையால் அவற்றை ஒன்றாக வார்க்க முடிந்தது. வேறு வேறு அரசுகளுக்கு உரிய வாரியங்களை என் செய்வது? அங்கே ஒப்பு நோக்குதல் ஒன்றே வழி. அதற்குக் கண்ட வாய்பாடுகள் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் 2007-இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஒரு பாடத்தில் ஒவ்வொரு வாரியத்தின் முதல் மதிப்பெண்ணும் சமம் என்று கொள்வர். மாநில வாரியத்தில் முதல் மதிப்பெண் 100, பிற வாரியத்தில் 95 எனில், அந்த 95-ஐ 100 ஆக்குவர். அவ்வாரியத்தில் 76 பெற்றவனுக்கு அதே விகிதத்தில் 80 ஆகும். எளிய முறைதான். ஆனால், இரு வாரியங்களிலும் எவரேனும் ஒருவர் நூற்றுக்கு நூறு பெற்றுவிட்டால் இவ்வாய்பாடு எதனையும் மாற்றாது. உச்சியில் நிற்கும் ஒருவரைக் கொண்டு இலட்சம் பேரை அளக்கிறது. நடுவில் நிற்பவரின் நிலையை அது அறியாது.

இரண்டாவது முறையைக் காணத் துவாக்குடிக்கு வாருங்கள். 1964-இல் அங்கே தொடங்கிய மண்டலப் பொறியியற் கல்லூரி, பாதி இடத்தைத் தமிழ்நாட்டிற்கும் மீதியைப் பிற மாநிலங்களுக்கும் வைத்திருந்தது. பின்னர் அது தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஆயிற்று. 2013 முதல் 2016 வரை இத்தகைய கழகங்களில் சேர, நுழைவுத் தேர்வோடு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் நூற்றுக்கு நாற்பது பங்கு தந்தனர். அப்போது வாரியங்களை ஒப்பிட, ஒரு மாணவன் தன் வாரியத்தில் எத்தனை விழுக்காட்டினருக்கு மேலே நிற்கிறான் என்று பார்த்தனர். உச்சியை மட்டும் பாராமல் வரிசை முழுவதையும் பார்ப்பது இதன் நன்மை. ஆனால் எல்லா வாரியத்து மாணவர் கூட்டமும் ஒத்த திறம் உடையது என்று கொண்டாலன்றி இது நில்லாது. 2017 முதல் அப்பங்கையே நீக்கிவிட்டனர்.

இவ்விரண்டும் அளந்து முடித்தபின் செய்யும் திருத்தங்கள். மரக்காலையே சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல ஆண்டு அமர்ந்தவன் நான். விடைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "கணக்கின் வழி சரி, விடை தவறு, இதற்கு எத்தனை?" என்று ஆசிரியர்கள் வாதிட்டு முடிவு காணும் அந்த அரைமணி நேரமே தேர்வின் உயிர் என்பேன். அவ்வாதம் ஒரு வாரியத்திற்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஒரே விடைத்தாளின் படியை இரு வாரியத்து ஆசிரியரும் தனித்தனியே திருத்தி, பின்னர் ஒன்றுகூடி ஒப்பிட்டால் வேற்றுமை தானே வெளிப்படும். சில வினாக்களைப் பொதுவாக வைத்தால், இரு கூட்டத்தாரையும் நேரே ஒப்பிடலாம். வாரியங்களின் மதிப்பீட்டை ஒத்திசையச் செய்வதற்கென்று 2023-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவில் 'பரக்' என்னும் அமைப்பு ஏற்பட்டுள்ளது.

ஒப்பு வேறு, ஒருமை வேறு என்பதை மட்டும் மறத்தலாகாது. ஆடவல்லானை உடைத்து இராசகேசரியாக வார்க்கவில்லை நம் முன்னோர். இரண்டும் ஒக்கும் என்று பொறித்தனர். அவ்வண்ணமே தமிழ்நாட்டு மாணவன் தன் மொழியையும் தன் மண்ணின் வரலாற்றையும் கற்பதற்கு இவ்வொப்புமை தடையாதல் கூடாது. பாடம் வேறாகலாம், அளவு பொய்யாகலாகாது.

மாணவச் செல்வங்களே, இக்குறைகளைக் கேட்டு மதிப்பெண்ணே பொய் என்று எண்ணிவிடாதீர்கள். நெல் இருந்தால்தான் மரக்காலுக்கு வேலை. அதனைச் சேர்ப்பது உங்கள் கடமை. மரக்காலைச் செம்மையாக வைத்திருப்பது எங்கள் கடமை. நாளை உங்களிற் சிலர் ஆசிரியராவீர்கள். சிலர் வினாத்தாள் எழுதுவீர்கள். முகம் அறியாத ஒரு பிள்ளையின் விடைத்தாள் உங்கள் மேசைக்கு வரும்போது, எந்த மரக்காலால் அளக்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.