இறுகிய ஹீட்சிங்க்

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கம் வைக்கோல் தூசு புகாத இடமில்லை. கம்ப்யூட்டர் மட்டும் தப்புமா? துடைக்கலாமென்று திறந்தால், பிராசஸர் மேலுள்ள ஹீட்சிங்க் அசையாது. இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும்.

நேராக மேலே இழுத்துவிடாதீர்கள். ஏஎம்டியின் ஏஎம்4 வகையில், 1331 ஊசிக்கால்களும் பிராசஸரின் அடியிலேயே இருக்கின்றன. பிராசஸரைப் பிடித்திருக்கும் லீவரைப் பூட்டியிருந்தாலும் நாற்றுப் பறித்தாற்போல் பிராசஸரும் கூடவே வந்துவிடும். கால் வளைந்தால் நிமிர்த்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். 2022-இல் வந்த ஏஎம்5-இல் ஊசிகள் மதர்போர்டுக்கு மாறின. பிராசஸரை இரும்புச் சட்டம் அழுத்திப் பிடிக்கிறது. இன்டெல் 2004-லேயே இந்த மாற்றத்தைச் செய்துவிட்டது.

பழைய வகை என்றால் சூடுதான் வழி. கம்ப்யூட்டரைப் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக வேலை வாங்குங்கள், பேஸ்ட் இளகும். ஓடாத கம்ப்யூட்டரா, ஹேர் டிரையர் போதும். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் ஒயரையும் கிளிப்பையும் கழற்றி, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பும் வீரம் வேண்டாம். பிடி விட்டது கையிலேயே தெரியும், அப்போது தூக்கலாம். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புதிதாகத் தடவிய பிறகே திரும்பப் பொருத்த வேண்டும்.