பொறித்த வாற்றும் பெற்ற மின்னும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறுகள் இல்லை. ஆயினும் வெயிலுக்கு என்றும் குறைவில்லை. முன்னாளில் துலாமிதித்துக் கிணற்று நீர் இறைத்த மக்கள், பின்னர் எண்ணெய் இயந்திரங்களைக் கொண்டு இறைத்தனர். இந்நாளிலோ அவ்வெயிலையே வேலையாளாக்கக் கற்றுவிட்டனர். கூரைமேற் சூரியத் தகடுகளை அமைப்போரை ஊக்குவிக்கும் தேசியத் திட்டம் 2016 ஆம் ஆண்டில் தொடங்கியது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தபோது, அத்தகடுகளின் அருமை எல்லோருக்கும் புலனாயிற்று.

கடைத்தெருவில் அரிசி வாங்குபவர் தராசைப் பார்த்து நிறையை உறுதிசெய்துகொள்ளலாம். சூரியத் தகடு வாங்குபவர் எதனைப் பார்ப்பது? வங்கிக் கடன் பெற்றும், நகையை அடைவு வைத்தும் வாங்கிய தகட்டின் பின்புறத்தில் ‘500 வாற்று’ என்று பொறித்திருக்கிறது. அத்தகைய பத்துத் தகடுகள் சேர்ந்தால் 5,000 வாற்று. ஆனால் நண்பகலில் இன்வேட்டர் என்னும் மின்மாற்று கருவி 3,600 வாற்று என்றே காட்டுகிறது. வீட்டுக்காரர் ஏமாற்றப்பட்டாரா?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், பொறித்த எண்ணின் பொருளை அறிதல் வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு தகடும் குறிப்பிட்ட நிபந்தனைகளின் கீழ்ச் சோதிக்கப்படுகிறது. சதுர மீற்றருக்கு 1,000 வாற்று ஒளி அதன்மேல் விழவேண்டும். தகட்டின் வெப்பநிலை 25 பாகை செல்சியசாக இருத்தல் வேண்டும். அந்நிலையில் அது தரும் வலுவே பின்புறத்திற் பொறிக்கப்படுவது. யாழ்ப்பாணத்துக் கூரையிலோ, நல்ல வெயிலில், தகட்டின் சூடு 55 பாகையையும் தாண்டும். சிலிக்கன் தகடுகள் 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 வீத வலுவை இழக்கின்றன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒளிமானி 850 வாற்று எனக் காட்டும் வேளையில், 5,000 வாற்று 4,250 ஆகக் குறையும். முப்பது பாகை மேலதிகச் சூட்டினால் அதில் பத்தரை வீதம் போக, எஞ்சுவது 3,800 வாற்று. தூசி, கம்பி, இன்வேட்டர் ஆகியவை சிறிது உண்ண, 3,600 வாற்று அளவிலேயே நிற்கும். ஆகவே மேற்கூறிய வீட்டுக்காரர் ஏமாற்றப்படவில்லை. விற்றவர்மேற் பழி சுமத்துவதும் நியாயமன்று. ஆனால், அதே வேளையில் 2,500 வாற்று மட்டுமே கிடைக்குமாயின், காரணத்தைத் தேடவேண்டியது அவர் கடமையாகும்.

முதற் சோதனைக்கு அளவுநாடா ஒன்றே போதும். இன்று கடைகளில் விற்கும் நல்ல தகடுகள், தம்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 20 முதல் 24 வீதத்தையே மின்னாக்குகின்றன. எனவே ஒரு சதுர மீற்றர்ப் பரப்பு ஏறக்குறைய 200 முதல் 240 வாற்றுத் தரும். ஒன்றரைச் சதுர மீற்றர் உள்ள தகட்டில் ‘500 வாற்று’ என்று ஒட்டியிருந்தால், அவ்வெழுத்து பொய்யென்று கூரைமேல் ஏற்றுமுன்னரே அறிந்துவிடலாம்.

இரண்டாவது, தகடுகளை எண்ணிப் பார்த்தல். ‘ஐந்து கிலோவாற்று அமைப்பு’ என்று சொல்லும்போது, அது தகடுகளின் மொத்தமா, இன்வேட்டரின் கொள்ளளவா என்று கேட்டறிதல் வேண்டும். ஐந்து கிலோவாற்று இன்வேட்டரோடு நான்கு கிலோவாற்றுத் தகடுகள் மாத்திரம் பொருத்தப்படுவதும் உண்டு.

மூன்றாவது, மாதக் கணக்கு. நிழலற்ற கூரையில் ஒரு கிலோவாற்றுத் தகடு, ஆண்டுச் சராசரியாக, நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு அலகு தரும். ஐந்து கிலோவாற்றுக்கு மாதம் 600 அலகு எனக் கொள்ளலாம். கார்த்திகை, மார்கழி மாதங்களின் மழைமுகில் இதனைக் குறைக்கும். வீட்டிற் செலவானது போக எஞ்சியதையே ஏற்றுமதி மின்மானி காட்டக்கூடுமாதலால், உற்பத்தியை இன்வேட்டரிலேயே பார்த்தல் வேண்டும்.

இச்சோதனைகளிற் குறை கண்டாலும், உடனே தகட்டைப் பழித்தலாகாது. பனையின் நிழல், காகத்தின் எச்சம், வலிகாமத்துச் செம்மண் தூசி, கடற்காற்றின் உப்பு ஆகிய யாவும் வலுவைக் குறைப்பனவே. தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தால், ஏனையவற்றின் உழைப்பும் தடைப்படலாம். அதிகாலையிலோ மாலையிலோ, தகடுகள் ஆறியிருக்கும்போது, நிலத்தில் நின்றவாறே நீரால் கழுவி, மறுநாள் நண்பகலில் மீண்டும் பார்த்தல் நன்று. அதன்பின்னும் குறை நீங்காவிடின், பயிற்சி பெற்ற மின்னியலாளர் ஒவ்வொரு தகட்டின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து, பின்புறத்து எண்களோடு ஒப்பிடுவார். தொடரிணைப்பில் பல நூறு வோற்று அழுத்தம் இருக்குமாதலால், பழகாதவர் அந்த இணைப்புகளைத் தொடுதல் உயிருக்கே ஆபத்து.

தகடுகளின் வலுவுக்குப் பெரும்பாலும் 25 ஆண்டு உத்தரவாதம் தரப்படுகிறது. தகட்டின் தொடரிலக்கத்தையும், தொழிற்சாலைச் சோதனைத் தாளையும், பொருத்திய முதல் மாதத்தின் அளவுகளையும் எழுதிப் பாதுகாப்பவருக்கே அவ்வுத்தரவாதம் பயன்தரும். பிந்திய ஆண்டுகளில் வலு குன்றும்போது, அது இயற்கைத் தேய்வா, பழுதா என்பதைக் காட்டும் சான்று அக்குறிப்பேடுதான்.

தீவுப் பகுதிகளுக்கு இவ்விடயம் இன்னும் முதன்மையானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நெடுங்காலம் தீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. சூரிய ஒளியையும் காற்றையும் இணைக்கும் கலப்பு மின்திட்டத்தை அங்கு அமைப்பதற்கு, 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்தன. அத்தகைய இடங்களிலே, தகடு தரத் தவறும் ஒவ்வோர் அலகையும் கடல் கடந்து வரும் எண்ணெயே ஈடுசெய்யவேண்டும்.

கூரை சிறிதாயினும் பெரிதாயினும், வாங்கும் நாளில் அளவுநாடாவும், மாத முடிவில் ஒரு குறிப்பேடும் கையில் இருத்தல் வேண்டும். அவை இருப்பின், நேர்மையான வணிகருக்கு வீண்பழி நேராது. ஏழையின் சேமிப்பும் பொய்யெழுத்துக்கு இரையாகாது.