குழந்தைகள் அவையில் ஓர் அரங்கேற்றம்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவில் உரையாற்ற என்னை அழைத்தபோது, சங்க இலக்கியத்திலிருந்தோ சிற்றிலக்கியத்திலிருந்தோ ஒரு பொருளைத் தேர்ந்து வருவேன் என்று செயலாளர் எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் இயங்குபடக் கலைஞரின் வாழ்க்கை. 'கார்ட்டூன் படம்' என்று நாம் சற்றே இளக்காரமாகக் குறிப்பிடும் கலையில், எழுத்தாளராகவும் இயக்குநராகவும் வாழ்நாள் முழுதும் உழைத்த ராம் மோகன் அவர்களைப் பற்றியது இவ்வுரை. இலக்கிய வட்டத்தில் அவருக்கு என்ன இடம் என்று கேட்கலாம். காவிரியைக் கடந்து திருவரங்கம் வரை ஒருமுறை சென்று வந்து அதற்கு விடை கூற விரும்புகிறேன்.

திருவரங்கம் கோயிலில் தாயார் சன்னிதிக்கு அருகே நாற்கால் மண்டபம் ஒன்று உள்ளது. கம்பர் தம் இராமகாதையை அரங்கேற்றிய இடம் என்று அதனைக் காட்டுவார்கள். இரணியன் வதையை இராமகதைக்குள் ஒரு படலமாக வைத்தது தகுமா என்று அவையோர் வினவினர் என்றும், எதிரே எழுந்தருளியுள்ள மேட்டழகிய சிங்கர் தலையசைத்து அதனை ஏற்றருளினார் என்றும் மரபுவழிச் செய்தி வழங்குகிறது. வரலாற்று ஆய்வாளர் இதனை எவ்வாறு மதிப்பிட்டாலும், இதற்குள் ஓர் இலக்கிய உண்மை இருக்கிறது. பழைய கதை புதிய வடிவம் கொள்ளும்போதெல்லாம் 'இது தகுமா?' என்ற வினா எழும். அதற்கு விடையளிக்க ஓர் அவை வேண்டும்.

அதே வினாவைத் தம் அறுபதாம் வயதை ஒட்டி எதிர்கொண்டவர் ராம் மோகன். அதுவரை அவர் கடந்து வந்த வழியை முதலில் சுருங்கச் சொல்லிவிடுகிறேன்.

1931-இல் பிறந்த அவர், 1956-இல் பம்பாயில் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் நிறுவனத்தில் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் அப்பிரிவினருக்குப் பயிற்சியளிக்க வந்திருந்தார். அப்பயிற்சியின் விளைவாக 1957-இல் உருவான 'தி பேன்யன் டீர்' என்னும் குறும்படம், புத்த ஜாதகக் கதையொன்றைத் தழுவியது. மேலைநாட்டுக் கலையைக் கற்கத் தொடங்கிய இளைஞர்களின் கைக்கு முதலில் வந்து சேர்ந்தது நம் பழங்கதை என்பது கருதத்தக்கது. 1967-இல் ராம் மோகன் உருவாக்கிய 'ஹோமோ சாப்ஸ்' தேசிய விருது பெற்றது. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969), சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) ஆகிய படங்களில் இடம்பெறும் இயங்கு சித்திரப் பகுதிகளும் அவர் செய்தவையே. 1972-இல் தமக்கென ஒரு நிறுவனம் தொடங்கி, விளம்பரப் படங்களும் அறிவுறுத்தும் படங்களும் எடுத்து வந்தார்.

யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983-இல் ஓர் ஆவணப்படப் பணிக்காக இந்தியா வந்தார். வந்த இடத்தில் இராமாயணத்தை அறிந்து அதில் தோய்ந்தார். அதனை இயங்குபடமாக்க விரும்பினார். கடவுளைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று எதிர்ப்பு எழுந்தது. இந்திய அரசின் ஒத்துழைப்பும் கிடைக்கவில்லை. இறுதியில் படம் ஜப்பானிலேயே உருவாயிற்று. யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி ஆகியோருடன் ராம் மோகனும் இயக்குநராக அமைந்தார். திரைக்கதையிலும் அவருக்குப் பங்குண்டு.

இக்கலையின் உழைப்பு எத்தகையது என்பதைப் பொன்மலையில் விளக்குவது எளிது. திரையில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்திற்கு 1440. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திப் படமெடுத்தாலும் நிமிடத்திற்கு 720 ஓவியங்கள் வேண்டும். இப்படமோ இரண்டு மணி நேரத்திற்கும் மேல் ஓடுவது. நூற்றுக்கணக்கான கலைஞர்கள் கையால் வரைந்தது. நம் ரயில்வே பணிமனையில் ஓர் எஞ்சின் உருவாவதைப் போன்றது அது. ஒருவர் செய்த பாகம் மற்றொருவர் செய்த பாகத்தோடு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். எனவே, ஒரு கோடு வரைவதற்கு முன்பே எழுத்து முடிந்திருக்க வேண்டும். வேண்டாத காட்சியை எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்ற வசதி இங்கே மிகக் குறைவு. வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு இக்கட்டுப்பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

1993 சனவரியில் டெல்லியில் நடந்த திரைப்பட விழாவில் அப்படம் காட்டப்பட்டது; எனினும் பரவலாகத் திரையரங்குகளை அடையவில்லை. பின்னர்த் தொலைக்காட்சி வழியே வீடுகளுக்குள் வந்தது. பார்த்த குழந்தைகள் அதனை மறக்கவில்லை. அவர்கள் வளர்ந்து பெற்றோரான பின், 2025 சனவரியில், தமிழ் உட்பட நான்கு மொழிகளில் அது திரையரங்குகளுக்கு வந்தது. ஏறத்தாழ 32 ஆண்டுகள் காத்திருந்து தலையசைத்த அவை, குழந்தைகளின் அவையே.

ஆனால் ராம் மோகனை நான் வணங்குவதற்கு முதற்காரணம் இராமாயணம் அன்று. மீனா என்ற சிறுமி. தெற்காசியப் பெண்குழந்தைகளுக்காக 1990-களில் யுனிசெப் நிறுவனம் மேற்கொண்ட படத்தொடரின் நாயகி அவள். அவளுக்கு உருவம் தந்து படங்களை இயக்கியவர் ராம் மோகன். முதற்கதையில் மீனா பள்ளிக்கு அனுப்பப்படுவதில்லை. தம்பி ராஜு மட்டுமே போகிறான். அவளுடைய கிளி மிட்டு பள்ளிக்குப் பறந்து போய்ப் பாடம் கேட்டு வந்து, அவளுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கிறது. கோழிகளை எண்ணிப் பார்க்கிறாள், ஒன்று குறைகிறது, திருடன் அகப்படுகிறான். மற்றொரு கதையில், மரமேறி மாம்பழம் பறித்து வருபவள் மீனா. பெரிய துண்டு ராஜுவுக்கு. ஒருநாள் இருவரும் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். மாலைக்குள் ராஜுவுக்கு உண்மை புரிந்துவிடுகிறது.

இந்த மாம்பழத் துண்டை அறியாத பெண் இவ்வவையில் இருக்க மாட்டார். எங்கள் வீட்டில் அது முட்டையாக இருந்தது. பெண்ணியம் பற்றி வகுப்பறையில் ஒரு பருவம் முழுதும் நான் விளக்குவதைச் சில நிமிடங்களில், எழுத்தறியாப் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து சிரித்தபடி உணருமாறு செய்திருக்கிறார் அவர். அப்படத்தில் எவரும் கொடியவராகக் காட்டப்படவில்லை. தந்தை மகளை வெறுப்பவர் அல்லர். எண்ணிப் பார்க்காதவர், அவ்வளவே. குழந்தையோடு குடும்பமும் அமர்ந்து பார்க்கப்போகிறது என்பதை உணர்ந்த எழுத்தின் பண்பு அது.

2014-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2019 அக்டோபரில் மறைந்தார்.

இனி நம்மைப் பற்றி. தமிழிலும் முயற்சிகள் நடந்தன. 2007-இல் 'இனிமே நாங்கதான்' வந்தது. 2014-இல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'கோச்சடையான்' வந்தது. கருவிகள் வந்துவிட்டன, வரையத் தெரிந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். குழந்தைக்கென்று தமிழில் சிந்தித்து எழுதுவோர்தாம் அருகிவிட்டனர். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரம் இங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. ஆயினும் இந்தப் பத்தாண்டுகளில் எத்தனையோ கவியரங்குகள் நடத்திய நாம், சிறுவர் இலக்கியத்திற்கென ஓர் அமர்வைக்கூட ஒதுக்கவில்லை. வேண்டும் என்று நானும் ஒருநாளும் எழுந்து கேட்டதில்லை. குழந்தைகளுக்கு எழுதுவது எளிய வேலை, அதனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முனைவர் பட்டத்தின் நிழலில் நின்று நானும் நினைத்திருந்தேன். அக்குறையை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எனவே ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் நம் கவிஞர்கள் ஒவ்வொருவரும் குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதட்டும். காட்சி காட்சியாக, படம் வரைவதற்கு ஏற்ப, சொல் குறைத்து எழுதட்டும். அவற்றைப் பொன்மலைப் பள்ளி ஒன்றில் குழந்தைகளின் முன் படித்துக் காட்டுவோம். விமரிசகர் எவரும் வேண்டாம். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கொட்டாவி விட்டால் அதையும் தீர்ப்பாக ஏற்போம். முதற்கதையை நான் எழுதி வருகிறேன்.