குறைமாதப் பிள்ளைக்கும் பிறந்த நாளே கணக்கு

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு எப்போது தடுப்பூசி போடுவது என்று இன்று பேசுவோம். ரொக்ஸ்பரோவில் எங்கள் வீடுகளில் இந்தக் கதை வந்தால் அம்மம்மாமார் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "பிள்ளை இன்னும் தேறவில்லை, கொஞ்சம் உடம்பு வைக்கட்டும், பிறகு போடலாம்." அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்தப் 'பிறகு' பிள்ளைக்கு நல்லதல்ல.

கியூபெக்கில் பிள்ளைகளுக்கான ஊசிகள் 2, 4, 12, 18 மாதங்களில் போடப்படுகின்றன. குறைமாதப் பிள்ளைக்கும் பிறந்த திகதியிலிருந்தே மாதத்தை எண்ண வேண்டும். பிள்ளை பெப்ரவரி 10 ஆம் திகதி பிறந்துவிட்டது, வைத்தியர் குறித்திருந்த நாளோ ஏப்ரல் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத ஊசி ஏப்ரல் 10 இல் வந்துவிடும். பிறக்க வேண்டிய நாளுக்கும் முதலே! பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தாலும், உடல்நிலை சீராக இருந்தால் அங்கேயே போடுவார்கள். மருந்தின் அளவும் முழு அளவுதான்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது? பிள்ளை கவிழ்வதற்கும் நடப்பதற்கும் குறித்த நாளிலிருந்து வயதைப் பார்க்கும்படி ஆஸ்பத்திரியில் சொல்லித் தருகிறார்கள். வளர்ச்சிக்கு அந்தக் கணக்குச் சரி. ஊசிக்கு அதைக் கொண்டுவரக் கூடாது.

தாயின் நோயெதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் போய்ச் சேருகிறது. பத்துக் கிழமை முந்திப் பிறந்த பிள்ளைக்கு அதில் பெரும் பங்கு கிடைப்பதில்லை. நுரையீரலும் முற்றியிராது. குக்கல் பிடித்தால் இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் மூச்சு நின்றுபோகும் ஆபத்து அதிகம். 2024 இல் கியூபெக்கில் குக்கல் ஆயிரக்கணக்கானோருக்கு வந்தது. அது எங்கோ பழைய காலத்து நோயல்ல. வயிற்றோட்டத்துக்கு வாயில் விடும் ரோட்டா மருந்துக்கோ தொடங்கும் வயதெல்லையும் உண்டு. தள்ளிப்போட்டால் அது அடியோடு தவறிப் போகும்.

மிகவும் முந்திப் பிறந்த சில பிள்ளைகளுக்கு முதல் ஊசிக்குப் பின் சிறிது நேரம் மூச்சுத் தடைப்படுவதுண்டு. அதனால்தான் ஆஸ்பத்திரியில் கருவி பொருத்திக் கவனிக்கிறார்கள். அப்படி நடந்திருந்தால் அடுத்த ஊசிக்கு முன் தாதியிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிள்ளை கடும் சுகவீனமாக இருந்தால் பிந்தலாம், ஆனால் அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

ஊரில் மருத்துவமாது வீடு தேடி வந்து, அட்டையைப் பார்த்து ஏசிவிட்டுப் போவார். இங்கே திகதியைப் பார்ப்பது எங்கள் வேலை. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரும் முன், ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிகள் தடுப்பூசிக் கையேட்டில் பதியப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்ததற்கு உங்கள் பகுதி சி.எல்.எஸ்.சி.யில் நேரத்தை முந்தியே எடுத்துவிடுங்கள். காசு கட்டத் தேவையில்லை. சந்தேகமென்றால் இரவு பகல் எந்நேரமும் 811 ஐ அழைத்துத் தாதியுடன் பேசலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் மட்டும், அது ஊசியால் வந்தது என்று நீங்களே முடிவுகட்டி வீட்டில் வைத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.