எரியாத கணினியும் அழியாத பதிவும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

ஆண்டறிக்கையின் செலவுப் பக்கத்தில் "கணினி பழுது" என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிக்குப் பின்னே நிகழ்ந்ததை விளக்குமாறு செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள. மதரஸாவில் ஓதி வந்த நமக்கு மின்கருவிகளைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் எண்ணலாம். நியாயமான கேள்விதான். பட்ட பாட்டினால் கற்றதை மட்டுமே கூறுகிறோம்.

கடந்த ஐப்பசியில் ஓர் இரவு நமது பள்ளிப்பட்டில் இடி மின்னலுடன் மழை கொட்டியது. மறுநாள் காலை அலுவலகக் கணினியின் பொத்தானை அழுத்தினோம். விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை, ஓசையும் இல்லை. அந்த நேரம் பார்த்து நம் மஹல்லாவின் சகோதரி ஒருவர் தம் தந்தையாருடன் வந்து நின்றார். வெளிநாட்டிலுள்ள கணவரிடம் செல்வதற்கு நிகாஹ் பதிவின் நகல் தேவை. இரண்டு நாட்களில் சென்னையில் ஒப்படைக்க வேண்டும். அவருடைய திருமணம் நடந்த ஆண்டின் தஃப்தரைக் கரையான் அரித்துவிட்டது. அதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்த படிகள்தாம் எஞ்சியிருந்தன. அவையும் அந்தக் கணினிக்குள்தான் இருந்தன.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றோம். திறந்துகூடப் பாராமல், "போர்டு போய்விட்டது ஹஜ்ரத். புதிது வாங்கிக்கொள்ளுங்கள், பழையதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். நாமும் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தோம். சம்மதித்திருந்தால் எத்தனை குடும்பங்களின் பதிவுகள் பழைய இரும்போடு போயிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

நம்மைத் தடுத்தவர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மின்பணியாளராக இருக்கும் நம் மஹல்லாத் தம்பி. வார விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். "ஹஜ்ரத், கரண்ட் போனால் எழுத்து போகாது" என்பதே அவர் சொன்ன முதல் வார்த்தை. ஹார்டு டிஸ்க்கில் உள்ளவை காந்தப் பதிவுகளாம். மின்சாரம் நின்றாலும் அவை நிலைத்திருக்குமாம். நான்கு திருகாணிகளைக் கழற்றி அதை வெளியே எடுத்தார். ஒரு யு.எஸ்.பி. இணைப்பின் வழியாக வேறொரு கணினியில் பொருத்தினார். அஸருக்குள் நகல் அச்சாகிவிட்டது. கணினியைப் பழுதுபார்ப்பது வேறு, பதிவைக் காப்பாற்றுவது வேறு என்பது அன்றுதான் நமக்குப் புரிந்தது.

பிறகு கணினிக்கு வந்தோம். சுவரிலிருந்து தொடங்கி உள்நோக்கிச் செல்ல வேண்டும் என்பது தம்பியின் முறை. சுவர்ப் பிளக்கில் கைப்பேசி சார்ஜரைச் செருகிப் பார்த்தார்; மின்சாரம் இருந்தது. அடுத்து யு.பி.எஸ். 2012ஆம் ஆண்டின் கடும் மின்வெட்டின்போது தமிழகமெங்கும் இது பெருகியது நினைவிருக்கும். அதன் பேட்டரி பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குமேல் தாங்குவதில்லை. நாம்தாம் மாற்ற மறந்துவிடுகிறோம். அதை விலக்கி நேரடியாகச் சுவரில் இணைத்தார். பயனில்லை. மானிட்டரின் மின்கம்பியும் பெட்டியின் மின்கம்பியும் பெரும்பாலும் ஒரே வகை என்பதால், ஒன்றை மற்றொன்றிற்கு மாற்றிச் சோதித்தார். பெட்டியின் பின்புறம் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. கூட்டிப் பெருக்கும்போது கைபட்டு அது அணைந்து போவதும் நேர்வதாம். நம்முடையது சரியாகவே இருந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். விசிறி சுழன்றும் திரையில் படம் வராவிட்டால் அது வேறு நோய். அப்போது நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் முனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்துப் பொருத்தினாலே பல வேளை சரியாகிவிடும். விசிறியும் சுழலாததே நமக்கு வாய்த்தது.

முன்பக்கப் பொத்தான் வீட்டு சுவிட்சைப் போல மின்சாரத்தை நேராக இணைப்பதில்லை. 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைப்படி அது மதர்போர்டுக்கு ஒரு செய்தியை மட்டுமே அனுப்புகிறது, மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை எழுப்புகிறது. ஆகவே கணினி அணைந்திருக்கும்போதும் உள்ளே 5 வோல்ட் காத்திருக்கும். திறப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும் என்பது இதனால்தான். தம்பி பிளக்கைக் கழற்றி, 24 முனை இணைப்பை மதர்போர்டிலிருந்து எடுத்து, அதன் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்துவிட்டு மீண்டும் மின்சாரம் கொடுத்தார். எஸ்.எம்.பி.எஸ். நலமாக இருந்தால் அதன் விசிறி சுழல வேண்டும். சுழலவில்லை. இதனைத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையோ யாரும் திறக்கவே கூடாது. நமது 230 வோல்ட் மின்சாரம் அதனுள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாகிறது. பிளக்கை எடுத்த பின்னும் சிறிது நேரம் அது தங்கியிருக்கும்.

மதரஸா மாணவர்களுக்கான கணினியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடனாகப் பொருத்தியதும் நம் கணினி எழுந்துவிட்டது. போர்டு போகவில்லை. சில நூறு ரூபாய்ப் பொருளுக்காகக் கணினியையே கொடுத்துவிட இருந்தோம்!

போர்டு போவதே இல்லை என்று சொல்லவில்லை. 1999 முதல் 2007 வரை தரங்குறைந்த கெபாசிட்டர்களால் உலகெங்கும் ஏராளமான போர்டுகள் கெட்டன. டெல் நிறுவனம் மட்டும் 2005இல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் அந்தப் பழுது கண்ணுக்கே தெரியும். சிறு உருளைகளின் தலை உப்பியிருக்கும் அல்லது பழுப்பு நிறத்தில் கசிந்திருக்கும். பெட்டியைத் திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவர்களிடம் இதனைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னோர் அறிகுறியை நாம் கவனிக்கத் தவறியதும் உண்டு. சில வாரங்களாகவே கணினியின் தேதி பழைய ஆண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்ததன் அடையாளம். இந்தப் பழுதுக்கு அது காரணமன்று. ஆயினும் தேதி பிழையாகச் சான்றிதழ் அச்சாகியிருந்தால் யாருக்குச் சிரமம்? அதையும் மாற்றிவிட்டோம்.

இப்போது தஃப்தர்களின் படிகள் மூன்று இடங்களில் உள்ளன: கணினியில் ஒன்று, அலுவலகப் பீரோவிலுள்ள வெளி டிஸ்க்கில் ஒன்று, முத்தவல்லி அவர்களின் இல்லத்தில் ஒன்று. கெட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பழைய இரும்புக்குப் போடாமல், மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கத் தம்பி விசாரித்து வருகிறார்.

அந்தச் சகோதரி சென்ற மாதம் கணவரிடம் நலமாகச் சேர்ந்துவிட்டதாக அவருடைய தந்தையார் தெரிவித்தார்கள். நம் மோதினார் அவர்களோ, வானம் இருட்டத் தொடங்கியதும் முதல் வேலையாக அலுவலகத்திற்குள் சென்று பிளக்கைக் கழற்றிவிடுகிறார்கள்.