யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் நமக்கு என்ன?

(தென்காசியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



அஸர் தொழுதுவிட்டு வரும்போது குற்றாலத்தில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹஜ்ரத், எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி வராமல் போனால் யாவாரம் படுத்துவிடுமே! 96, 98, 99 என்று நாலு வருஷத்துக்குள்ளே மூணு எலெக்ஷன் பார்த்தவர்கள் நாங்கள்" என்றார். பக்கத்தில் நின்ற மகன், "அப்படி வந்தால்தான் வாப்பா நம்மளைத் தேடி வருவாங்க" என்றான். இரண்டு பேருமே கணக்கை முழுதாகப் போடவில்லை.

1999 ஏப்ரல் 17ஐ நினைத்துப் பாருங்கள். அ.தி.மு.க.வின் 18 உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்குக் கோரியது. ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஒரு வாக்கில் டெல்லி கவிழ்ந்தது. நம் தென்காசித் தொகுதியின் அன்றைய உறுப்பினர் அந்தப் 18 பேரில் ஒருவர்! நீங்களும் நானும் வரிசையில் நின்று போட்ட வாக்குகளின் கனம் அவ்வளவு. ஆனால் அந்த ஒரு வாக்கால் சமுதாயத்துக்குக் கிடைத்தது என்ன? ஆறே மாதத்தில் அதே கூட்டணி, இம்முறை தி.மு.க.வையும் சேர்த்துக்கொண்டு, மீண்டும் வந்து அமர்ந்தது. அரசு கவிழ்ந்ததில் நாம் கைதட்டினோம். முன்கூட்டி எதையும் எழுதி வாங்கியிருக்கவில்லை.

இப்போது 2006க்கு வாருங்கள். 234 பேர் கொண்ட சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு 96 இடங்கள்தான். தேவை 118. காங்கிரஸ், பா.ம.க., இடதுசாரிகளின் ஆதரவில் கலைஞர் ஆட்சி நடத்தினார். அந்த ஆட்சியில்தான் 2007ல், பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனியாகக் கிடைத்தது. அது இடங்களின் எண்ணிக்கை மட்டும் தந்ததல்ல. ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, ஒரே கோரிக்கையைச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தோம். ஆட்சியும் ஐந்தாண்டு ஓடியது. பெரியவரே, நீங்களும் கடையை மூடவில்லை.

இளைஞனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2024ல் பா.ஜ.க.வுக்கு 240 தான் வந்தது, தேவை 272. "இனி நம்மைத் தொடமாட்டார்கள்" என்று சிலர் இனிப்பு வழங்கினார்கள். தெலுங்கு தேசம் 16, ஐக்கிய ஜனதா தளம் 12 என்று முட்டுக் கொடுத்தவர்கள் ஆந்திரத்திலும் பீகாரிலும் நம் சகோதரர்களிடம் வாக்குக் கேட்டவர்கள்தாம். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா வந்தது. மக்களவையில் ஆதரவு 288, எதிர்ப்பு 232. அந்த இரு கட்சிகளும் ஆதரித்தன. அந்த 28 பேரும் இந்தப் பக்கம் வாக்களித்திருந்தால்? 260க்கு 260! அவர்களுக்குப் பேரம் பேசத் தெரியாமலில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டிலேயே அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய் அறிவிப்பு வாங்கியவர்கள். வக்ஃபுக்காக அந்தப் பலத்தை அவர்கள் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான்.

குற்றாலத்தில் சாரல் விழுந்த பிறகு சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் வியாபாரி உண்டா? கடையை ஏலம் எடுத்து, அட்வான்ஸ் கட்டி, சிப்ஸையும் துண்டையும் அடுக்கி வைத்துவிட்டல்லவா மேகத்தைப் பார்க்கிறீர்கள்! அரசியலில் மட்டும் ரிசல்ட் வந்த பிறகு யாரிடம் பேசலாம் என்று யோசிக்கிறோம்.

வேட்பாளர் ஜமாஅத்துக்கு வரும்போது சால்வையோடு அனுப்பிவிடாதீர்கள். வக்ஃப் சொத்து விஷயத்தில் உங்கள் கட்சி எப்படி வாக்களிக்கும், இட ஒதுக்கீட்டில் என்ன நிலை என்று எழுத்தில் கேளுங்கள். ஒரே தாளில் கேளுங்கள். இங்கே ஒரு கசப்பையும் சொல்கிறேன்: ஒரே வேட்பாளரிடம் நாம் ஐந்து அமைப்பாக ஐந்து முறை போகிறோம். அவர் ஐந்து பேருக்கும் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

நம் வாக்கு எண்ணிக்கை சிறியது என்று யாரும் சொல்ல வேண்டாம். கடையநல்லூரில் 2016ல் முஸ்லிம் லீக் வேட்பாளர் வென்றது 1,194 வாக்குகளில். தென்காசியில் 2021ல் காங்கிரஸ் வென்றது 370 வாக்குகளில். ஒரு பெரிய தெருவில் அவ்வளவு பேர் இருப்பார்கள்.

அதனால் இளைஞர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் 18 வயதாகியும் பட்டியலில் பெயர் இல்லாதவர்களைக் கணக்கெடுத்து, ஆறாம் எண் படிவம் நிரப்பிக் கொடுங்கள். பெண்களின் பெயர் கல்யாணமாகி ஊர் மாறும்போது விடுபட்டுப் போகிறது. அதைத் தனியாகப் பாருங்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு 6ஏ படிவம் உண்டு, ஆனால் நேரில் வந்துதான் வாக்களிக்க முடியும். லீவு எப்போது என்று இப்போதே கேட்டு வையுங்கள். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு தெருவாரியாகப் பட்டியலோடு வாருங்கள், உட்கார்ந்து சரிபார்ப்போம். வஸ்ஸலாம்.